நம் பள்ளிவாசலின் பெயரில் உள்ள ஒரு சொல்

(சங்கத்தின் பொன்விழாவில் இளைய வணிகர்கள் சார்பில் ஆற்றிய உரை)



  

இளைய வணிகர்கள் சார்பில் மொழியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நாங்கள் புலவர் பட்டம் பெற்றவர்கள் அல்லர். பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் டிப்ளோமா முடித்துவிட்டு, லிட்டில் இந்தியாவில் அத்தா வைத்த துணிக்கடையைப் பார்த்து வருகிறவர்கள். ஆனால் கடைக்காரருக்கும் சொல்லுக்கும் நெருங்கிய உறவு உண்டு. நம் தெருவில் ஒரே சரக்குக்குத் தமிழில் ஒரு பேர், மலாயில் ஒரு பேர், ஹொக்கியனில் ஒரு பேர், ஆங்கிலத்தில் ஒரு பேர். நாலும் தெரிந்தால்தான் வியாபாரம் நடக்கும். அந்தத் துணிச்சலில்தான் இன்று ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு உங்கள் முன் நிற்கிறோம்.

அந்தச் சொல் ‘கெலிங்’.

சிலருக்கு முகம் சுருங்குவது தெரிகிறது. சுருங்கத்தான் செய்யும். இந்த நாட்டில் இன்று அந்தச் சொல்லை ஒருவர் நம்மை நோக்கிச் சொன்னால், அது வசை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அதைக் கேட்டுவிட்டு வாடிய முகத்தோடு வீடு திரும்பியிருக்கிறார்கள். அகராதியில் அந்தச் சொல்லுக்குத் தரப்பட்ட விளக்கம் குறித்து இந்தியச் சமூக அமைப்புகள் குரல் எழுப்பியதும் உண்டு. ஆனால் நம் கடைகளிலிருந்து நாலு எட்டு நடந்தால் வருகிற பள்ளிவாசல், நாம் ஜும்ஆ தொழுகிற பள்ளிவாசல், அதன் பெயர்ப்பலகையில் இருப்பதும் அதே சொல்தான்: மஸ்ஜித் கப்பித்தான் கெலிங். பிள்ளைகள் கேட்கிறார்கள்: “அத்தா, அது கெட்ட வார்த்தை என்றால் அல்லாஹ்வின் வீட்டுக்கு ஏன் அந்தப் பேர்?”

நியாயமான கேள்வி. அதட்டி அடக்கிவிடக் கூடாத கேள்வி. அதற்கு விடை சொல்லும் முயற்சிதான் இந்த உரை.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். நம் பெரியவர்கள் தமிழில் அந்தப் பள்ளியைக் ‘கப்பித்தான் பள்ளி’ என்றுதான் சொல்வார்கள். கெலிங் என்ற சொல் தமிழர் வாயில் தமிழ்ச் சொல்லாக வழங்கியதே இல்லை. அது பிறர் நமக்கு வைத்த பேர். பிறர் வைத்த பேர் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டுமானால் நாம் வங்கக் கடலின் மேற்குக் கரைக்குப் போக வேண்டும்.

இன்றைய ஒடிசாவும் ஆந்திராவின் வடபகுதியும் சேர்ந்த கடற்கரை நாட்டுக்குப் பழைய பேர் கலிங்கம். அசோகச் சக்கரவர்த்தி கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் போர் தொடுத்து, அந்த அழிவைக் கண்டு மனம் மாறிய அதே கலிங்கம். அங்கிருந்து கப்பல்கள் பன்னெடுங்காலமாகக் கீழ்த்திசைத் தீவுகளுக்கு வந்து போயின. அந்த நினைவில் ஒடிசாவின் கட்டக் நகரில் இன்றும் கார்த்திகைப் பௌர்ணமியன்று ‘பாலி யாத்திரை’ என்ற விழா நடக்கிறது. ஜாவா, சுமத்ரா, மலாய்க் கரைகளில் இருந்தவர்கள் அந்தக் கப்பல்களில் வந்தவர்களைக் கலிங்கத்தார் என்ற பொருளில் ‘கெலிங்’ என்று அழைத்தார்கள். சொல்லின் பிறப்பு இவ்வளவுதான். அறிஞர்கள் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும் கருத்தும் இதுவே.

அப்படியானால் தமிழருக்கு அந்தப் பேர் எப்படி வந்தது? நாம் கலிங்கத்தார் அல்லவே. சொல்லப்போனால் சோழர்கள் கலிங்கத்தோடு போரிட்டு வென்றவர்கள். முதலாம் குலோத்துங்கன் காலத்துக் கலிங்கப் போரைப் பற்றி ஜெயங்கொண்டார் ஒரு பரணியே பாடினார். தோற்ற நாட்டின் பேர் வென்றவர்களின் வாரிசுகள் மேல் வந்து ஒட்டிக்கொண்டது வேடிக்கைதான்.

இதற்கு ஜாவாவின் கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் ஒரு சான்று இருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டில், ஐர்லங்கா மன்னர் காலத்துச் சாசனங்களில் அயல்நாட்டாரைப் பட்டியலிடும் இடம் வருகிறது. அதில் கிளிங், சிங்களம், திராவிடம், சம்பா, க்மேர் என்று தனித்தனியாக எழுதியிருக்கிறார்கள். அதாவது அந்தக் காலத்தில் கிளிங் வேறு, திராவிடர் வேறு. துறைமுகத்தில் இறங்கியவர் எந்த ஊர்க்காரர் என்று ஜாவாக்காரருக்கு நுணுக்கமாகத் தெரிந்திருந்தது. நாளடைவில் அந்த வேறுபாடு மங்கியது. கலிங்கக் கப்பல்கள் குறைந்து, சோழமண்டலக் கரையிலிருந்து தமிழர் கப்பல்கள் பெருகின. பழைய பேர் மட்டும் மாறவில்லை. புதிதாக வந்தவர்களுக்கும் அதுவே நிலைத்துவிட்டது.

இது உலகத்தில் எங்கும் நடப்பது. அரபு மக்கள் சிலுவைப்போர் காலத்தில் பிராங்க் இனத்தாரைக் கண்டார்கள். பிறகு ஐரோப்பாவிலிருந்து வந்த எல்லாரையும் ‘பிராஞ்சி’ என்றார்கள். அதுவே பாரசீகம் வழியாக இந்தியாவுக்கு வந்து, தமிழில் ‘பரங்கி’ ஆகி, பரங்கிப்பேட்டை என்ற நம் மரைக்காயர்களின் ஊருக்குப் பேராயிற்று. அதே சொல் மலாயில் ‘பெரிங்கி’ ஆயிற்று. பிராங்க் இனத்தார் யார் என்று தெரியாமலே நாம் பரங்கிக்காய் வாங்குகிறோம். கெலிங் என்ற சொல்லும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான்.

துணி விற்கிறவர்கள் என்ற முறையில் எங்களுக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. சங்க இலக்கியத்தில் ‘கலிங்கம்’ என்றால் ஆடை. மென்மையான, உயர்ந்த துணிக்குக் கலிங்கம் என்று பேர். கலிங்க நாட்டிலிருந்து வந்த துணி, நாட்டின் பேரையே தன் பேராக்கிக்கொண்டது என்பது பலர் கருத்து. ஆக ஒரே நாட்டின் பேர் தமிழில் துணியாயிற்று. மலாயில் துணி கொண்டுவந்த மனிதராயிற்று. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கெலிங் என்று கூப்பிட்டவர்கள் முதலில் கண்டது தலைச்சுமைத் துணிதான்.

இது எங்கள் கற்பனை இல்லை. மலாய் மக்களின் பெருமைக்குரிய நூலான ‘செஜாரா மெலாயு’வில் ஒரு கதை வருகிறது. மலாக்கா சுல்தான் மஹ்மூத், ஹங் நாடிம் என்பவரை ‘பெனுவா கெலிங்’குக்கு அனுப்புகிறார். பெனுவா கெலிங் என்றால் கெலிங் தேசம். எதற்கு அனுப்புகிறார்? நாற்பது வகைத் துணி வாங்கி வர. அங்கே இருந்த சித்திரக்காரர்களுக்கு அவர் மனத்தில் இருந்த பூ வேலைப்பாடு பிடிபடவில்லை. கடைசியில் ஹங் நாடிமே எழுதுகோலை வாங்கி வரைந்து காட்டுகிறார். அந்தக் கதையில் பெனுவா கெலிங் என்பது கைத்தொழிலில் சிறந்த தேசம். மலாக்கா அரசரே ஆள் அனுப்பிச் சரக்கு வாங்க வேண்டிய தேசம். ‘ஹிகாயாட் ஹங் துவா’விலும் ஹங் துவா பெனுவா கெலிங்குக்குத் தூதராகப் போகிறார். இழிவான நாட்டுக்கு எந்த அரசரும் தன் தலைசிறந்த வீரரைத் தூது அனுப்புவாரா?

இன்றும் நம் கடையில் அந்தத் தொடர்பு அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. மலாய்க்காரர்கள் கட்டம் போட்ட கைலியைக் ‘காயின் பெலிக்காட்’ என்கிறார்கள். அந்தப் பெலிக்காட் என்பது சென்னைக்கு வடக்கே இருக்கும் பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 1613-இல் கோட்டை கட்டி, துணி ஏற்றுமதி நடத்திய துறைமுகம். ஊர்ப்பேர் கைலியின் பேராகி, இந்த நாட்டு முஸ்லிம்கள் தொழுகைக்கு உடுத்தும் உடையாகிவிட்டது. ஒரு நாட்டுப்பேர் ஆளுக்குப் பேராயிற்று என்றால், ஓர் ஊர்ப்பேர் உடுப்புக்குப் பேராயிற்று.

போர்த்துகீசியர் 1511-இல் மலாக்காவைப் பிடித்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அங்கே இருந்த தோமே பிரெஸ் என்ற போர்த்துகீசியர் எழுதி வைத்த நூலில் ‘கெலின்’ வணிகர்களைப் பற்றி விரிவாகச் சொல்கிறார். மலாக்காத் துறைமுகத்தில் நான்கு ஷாபந்தர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் கெலிங் வணிகர்களைக் கவனிக்கும் பொறுப்பில் இருந்தார். நீனா சாத்து என்ற கெலிங் வணிகருக்குப் போர்த்துகீசியர் பெந்தஹாரா பதவியே கொடுத்தார்கள். அப்போது அந்தச் சொல்லுக்கு இருந்த மதிப்பு அது.

மொழிக்கும் அதே பேர்தான். மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லா, நவீன மலாய் எழுத்தின் தந்தை என்று போற்றப்படுகிறவர். அவருடைய முன்னோரில் அரபு வழியும் உண்டு, தமிழ் வழியும் உண்டு. 1849-இல் அச்சான தம் வாழ்க்கை வரலாற்றில், சிறுவயதில் தம் தந்தை தம்மைத் தமிழ் படிக்க அனுப்பியதைக் குறிப்பிடுகிறார். மலாக்காவில் வசதியான குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது வழக்கமாம். கணக்கு வழக்குக்கு அது தேவைப்பட்டதாம். அப்போது கெலிங் மொழி என்றால் கணக்குப்பிள்ளையின் மொழி. நம் பிள்ளைகள் ‘தமிழ் படித்து என்ன ஆகப் போகிறது’ என்று கேட்கும்போது முன்ஷி அப்துல்லாவின் அத்தாவை நினைவூட்டலாம்.

இனி நம் ஊருக்கு வருவோம். 1786-இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கொடி ஏற்றினார். சோழமண்டலக் கரையிலிருந்து நம் வணிகர்களும் படகுக்காரர்களும் கூலிக்காரர்களும் வந்து இறங்கினார்கள். ஆங்கிலேயரின் ஏடுகளில் அவர்களுக்கு ‘சூலியா’ என்ற பேரும் உண்டு. நம் சூலியாத் தெரு அதன் அடையாளம். மலாய் வழக்கில் கெலிங். ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு தலைவரை வைத்து ஆளுவது அன்றைய முறை. அவருக்குக் கப்பித்தான் என்று பட்டம். போர்த்துகீசிய மொழிச் சொல் அது. சீனருக்கு முதல் கப்பித்தான் கோ லே ஹுவான். நம்மவருக்குக் கப்பித்தான், கப்பல் வணிகரான காதர் முகைதீன் மரைக்காயர். கும்பினியார் கொடுத்த 18 ஏக்கர் நிலத்தில் 1801-இல் பள்ளிவாசல் எழுந்தது. ‘கப்பித்தான் கெலிங்’ என்றால் ‘தமிழ் மக்களின் தலைவர்’ என்றுதான் அன்றைக்குப் பொருள். அது அவருடைய பதவிப் பெயர். அரசாங்கம் மரியாதையோடு எழுதிய பேர்.

மலாக்காவிலும் 1748-இல் கட்டப்பட்ட கம்போங் கெலிங் பள்ளிவாசல் இருக்கிறது. கட்டியவர்கள் தங்களைத் தாங்களே இழிவுபடுத்திக்கொண்டு பேர் வைக்கவில்லை என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

பினாங்கு ஹொக்கியனிலும் இந்தச் சொல் ‘கிலெங்’ என்று வழங்குகிறது. கம்போடியாவில் இன்றும் இந்தியரைக் குறிக்கும் சொல் ‘கிளெங்’. ஒரே சொல், மொழிக்கு மொழி உச்சரிப்பும் உணர்ச்சியும் வேறு.

சரி, இவ்வளவு மரியாதையாக இருந்த சொல் ஏன் வசையாயிற்று?

இதற்கு நம் தெருவில் சொல்லப்படும் ஒரு கதை உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவிலிருந்து கைதிகளைச் சங்கிலியோடு கொண்டுவந்தார்கள். காலில் கட்டிய சங்கிலி ‘கிளிங் கிளிங்’ என்று ஒலித்தது. அதனால்தான் இந்தப் பேர் என்று சொல்வார்கள். படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். கணக்குப் பார்த்தால் இது நிற்காது. பினாங்குக்குக் கைதிகள் வரத் தொடங்கியது 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில். தோமே பிரெஸ் எழுதியது 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். ஜாவாச் சாசனம் 11-ஆம் நூற்றாண்டு. சங்கிலி வருவதற்கு ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே சொல் வந்துவிட்டது. கைதிகள் வந்ததும் உண்மை, அவர்கள் சாலைகளும் கட்டடங்களும் எழுப்பியதும் உண்மை. சொல் மட்டும் அவர்கள் சங்கிலியில் பிறக்கவில்லை.

ஓசை ஒத்துப்போவதால் உறவு என்று முடிவு கட்டக் கூடாது என்பதற்குப் பட்டறைப் பாடம் ஒன்றும் எங்களிடம் இருக்கிறது. இரண்டு தகடுகளை இணைக்க ரிவெட் அடிப்போம். மலாய் மொழியில் பாக்கு என்றால் ஆணி. இந்தோனேசிய மொழியில் ரிவெட்டுக்குப் பேர் ‘பாக்கு கெலிங்’! தமிழர் அடித்த ஆணி என்று யாராவது கதை கட்டிவிடப் போகிறார்கள். அது டச்சு மொழியின் ‘கிளிங்கென்’ என்ற வினைச்சொல்லிலிருந்து வந்தது. ஆணியின் தலையைத் தட்டி மடக்குவது என்று பொருள். பிலிப்பைன்ஸில் கலிங்கா என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அந்தப் பேர் அங்குள்ள மொழிகளில் பகைவரின் தலை கொய்கிறவர்களைக் குறித்த சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள். அதே நாட்டுத் தகலோக் மொழியில் ‘கலிங்கா’ என்றால் அன்போடு பராமரிப்பது. அசோகர் போரிட்ட கலிங்கத்துக்கும் இவற்றுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஓசை ஒன்று, வேர் வேறு.

சொல் கெட்டதற்கு உண்மையான காரணம் சங்கிலியைவிடக் கசப்பானது. 19-ஆம் நூற்றாண்டில் வந்தவர்களில் வணிகர்கள் சிலர். உழைக்க வந்தவர்கள் பலர். எதிரே இருக்கும் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கும், பிறகு ரப்பர்த் தோட்டங்களுக்கும் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். ஒப்பந்த முறை 1910-இல் ஒழிந்தது. கங்காணி முறை தொடர்ந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரும், சாலையில் கல் உடைத்தவரும், சாக்கடை வாரியவரும் தமிழராயினர். அதே சொல் அவர்களுக்கும் பேராயிற்று. முன்பு அந்தச் சொல்லைக் கேட்டால் பட்டுத் துணியும் கணக்குப் புத்தகமும் கண்ணில் தெரிந்தன. பிறகு அழுக்குச் சட்டையும் வெறுங்காலும் தெரிந்தன. இரைச்சலாகப் பேசினால் ‘கெலிங் காராம் போல’ என்று மலாயில் பழமொழி உண்டாயிற்று. கப்பல் மூழ்கும்போது கெலிங்காரர் கூச்சலிடுவது போல என்று பொருள். உயிர் போகிற நேரத்தில் எந்த இனத்தான் மெல்லப் பேசுவான்?

ஆக, சொல் தானாகக் கெடவில்லை. அதைச் சுமந்த மனிதரைத் தாழ்வாகப் பார்த்த பார்வை, சொல்லுக்குள் இறங்கிவிட்டது. தமிழில் ‘நாற்றம்’ என்றால் ஒரு காலத்தில் நறுமணம். இன்று மூக்கைப் பொத்துகிறோம். அது பொருள் மாற்றம் மட்டுமே, யாருக்கும் வலிக்காது. கெலிங் என்ற சொல்லின் மாற்றத்தில் மனிதரின் மானம் சம்பந்தப்பட்டிருக்கிறது.

இதற்கு நேர் எதிராக ஒரு சொல் மேலே ஏறியதையும் நம் கண்ணாலேயே பார்த்திருக்கிறோம். ‘மாமாக்’. நம் ‘மாமா’விலிருந்து வந்தது என்பது பரவலான கருத்து. மினாங்கபாவு மொழியிலும் மாமாக் என்றால் தாய்மாமன்தான். அந்தச் சொல்லையும் ஏளனமாகப் பயன்படுத்தியவர்கள் இருந்தார்கள். ஆனால் நம்மவர்கள் காவடி போல் கண்டார் தூக்கி நாசி கண்டார் விற்றார்கள். விடிய விடியக் கடை திறந்து, எல்லா இனத்தாரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தார்கள். இன்று மாமாக் கடை என்றால் நாடே உரிமையோடு போய் உட்காரும் இடம். அந்தச் சொல்லை யாரும் சட்டம் போட்டு உயர்த்தவில்லை. உழைப்பும் உபசரிப்பும் உயர்த்தின.

இப்போது பிள்ளைகளின் கேள்விக்கு வருவோம். பள்ளிவாசலின் பேரை மாற்றிவிடலாமா? அப்படி நினைப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் மனவலி பொய்யானது இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம் மேடான் நகரில் கம்போங் கெலிங் என்றிருந்த பகுதியைக் கம்போங் மெட்ராஸ் என்று மாற்றினார்கள். குடியிருப்போர் விரும்பினால் அது அவர்கள் உரிமை.

ஆனால் நம் பள்ளிவாசல் விஷயத்தில் எங்கள் கருத்து வேறு. அந்தப் பேர் இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சாட்சி. 2008 ஜூலையில் ஜார்ஜ் டவுனை உலகப் பாரம்பரிய நகரமாக யுனெஸ்கோ அறிவித்தபோது உலகம் படித்த பேர்களில் அதுவும் ஒன்று. இந்த ஊர் உருவான நாளிலேயே தமிழ் முஸ்லிம்களுக்குத் தலைவர் இருந்தார், நிலம் இருந்தது, பள்ளி இருந்தது என்பதை அந்த மூன்று சொற்கள் சொல்கின்றன. அதை நாமே அழித்தால், வசை சொன்னவர் கொடுத்த பொருளை ஏற்றுக்கொண்டு, மரைக்காயர் காலத்துப் பொருளைக் கைவிட்டதாகிவிடும். வசை பேசும் வாய்க்கு ஒரு சொல் போனால் இன்னொரு சொல் கிடைக்கும்.

பேராக இருக்கும் இடத்தில் அது நம் வரலாறு. தலை நிமிர்ந்து படிப்போம். ஒருவர் முகத்துக்கு நேரே எறியும்போது அது வசை. மரியாதையாக, உறுதியாக மறுப்போம். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுப்பது நம் வேலை.

கடைசியாக ஒரு விஷயம். இதைச் சொல்லாமல் உட்கார்ந்தால் இந்த உரை பாதிதான்.

ஒரு நாட்டின் பேர், அந்த நாட்டிலிருந்து வந்து கடின வேலை செய்கிறவர் மேல் ஒட்டி, மெல்ல மெல்ல இழிசொல்லாவது எப்படி என்று இவ்வளவு நேரம் பார்த்தோம். இது நூறு ஆண்டுக்கு முந்தைய கதை என்று எண்ணிவிடாதீர்கள். நம் தெருவில் இன்று மாலையே இன்னொரு சொல்லுக்கு அது நடந்துகொண்டிருக்கிறது. வங்காளதேசத்திலிருந்து வந்து மூட்டை இறக்குகிற, பாத்திரம் கழுவுகிற, கட்டடம் கட்டுகிற இளைஞர்களை ஊரே எப்படிக் கூப்பிடுகிறது? ‘ஏ பங்ளா!’ பங்ளா என்பது ஒரு நாட்டின் பேர், ஒரு மொழியின் பேர். அந்த மொழிக்காக 1952-இல் டாக்காவில் மாணவர்கள் உயிர் கொடுத்தார்கள். அந்த நினைவில்தான் உலகம் முழுவதும் பிப்ரவரி 21-இல் தாய்மொழி நாள் கொண்டாடப்படுகிறது. அத்தகைய பேர் நம் தெருவில் விரல் சொடுக்கிக் கூப்பிடும் சொல்லாகிறது. கலிங்கத்துக்கு நடந்தது அப்படியே பங்ளாவுக்கு நடக்கிறது.

ஒருவரையொருவர் இழிவான பட்டப்பெயரால் அழைப்பதை அல்ஹுஜுராத் அத்தியாயம் தடுத்திருப்பதை ஆலிம் பெருமக்கள் நமக்கு எத்தனையோ தடவை எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தடை, நம்மைப் பார்த்துச் சொல்பவருக்கு மட்டும் உள்ளது இல்லை. நம் சஃப்பில் தோளோடு தோள் நின்று தொழுகிற அந்தத் தம்பிக்கு அவருடைய தாயார் ஒரு பேர் வைத்திருக்கிறார். எங்கள் கடையில் சம்பளப் பதிவேட்டில் என்ன பேர் இருக்கிறதோ அதைச் சொல்லியே கூப்பிடுவது என்று வைத்திருக்கிறோம். அதனால் செலவு ஒன்றும் கூடவில்லை.

சங்கத்துக்கு எங்கள் வேண்டுகோள் இரண்டு. ஒன்று, கப்பித்தான் பள்ளியின் பேர் விளக்கத்தைத் தமிழிலும் மலாயிலும் இரண்டு பக்கத்தில் எழுதி, வார இறுதி வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். சுற்றுலாப் பயணி கேட்டாலும், பள்ளித் தோழன் கேலி செய்தாலும் அவர்களிடம் விடை இருக்கட்டும். அச்சுச் செலவை இளைய வணிகர்கள் ஏற்றுக்கொள்கிறோம். இரண்டு, உறுப்பினர் கடைகளில் வேலை செய்கிற எவரையும் நாட்டுப் பேரால் அழைப்பதில்லை என்று இந்தப் பொன்விழா ஆண்டில் ஒரு தீர்மானம் போடுங்கள்.

தீர்மானத்தை முன்மொழியும் பொறுப்பை நாங்கள் ஏற்கிறோம். வழிமொழியப் பெரியவர்கள் ஒருவர் முன்வர வேண்டும்.

 எல்லாம் வல்ல அல்லாஹ் நம் சங்கத்துக்கு இன்னும் பல ஐம்பது ஆண்டுகளைத் தந்தருள்வானாக. ஆமீன்.